சாத்தங்கரையின் பொட்டு மணி

சாத்தங்கரைக்கு ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம் என்றால் அசலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஊரில் சங்கம் இருந்ததா, இருந்தாலும் அந்தச் சங்கத்துக்கு ஒரு கொம்பையா வாய்த்தானா, வாய்த்தாலும் அவனுக்கு எதைச் செய்தாலும் ஒன்று கூட்டிச் செய்யாவிட்டால் கை நமநமவென்று அரிக்கிற வியாதி இருந்ததா? எல்லாவற்றுக்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. சீமைத் துணி, சீமை ஊசி, சீமைத் தீப்பெட்டி, சீமைப் பீங்கான் என்று கப்பல் கப்பலாகத் தூத்துக்குடியில் வந்து இறங்கி, ரயிலேறி, மாட்டுவண்டி ஏறி, கடைசியில் அவரவர் அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்ட காலம். நம் சாமானை நாமே செய்வோம் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவிய வருஷத்தில், வக்கீல் குமாஸ்தா நெல்லையப்ப பிள்ளை திருநெல்வேலியில் ஒரு கூட்டத்துக்குப் போய் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, கால்கூடக் கழுவாமல் ஒரு சங்கத்தை ஆரம்பித்துவிட்டார். சாத்தங்கரை உள்ளூர்க் கைத்தொழில் விருத்திச் சங்கம் என்பது அதன் முழுப் பெயர். பெயர்ப்பலகை எழுதி மாட்டியபோது அது சங்கக் கட்டடத்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சுவரில் 'சங்கம்' என்று முடிந்தது. கட்டடம் பருத்தி வியாபாரி ரெங்கசாமி நாயக்கருடையது என்பதால் அவர் பிரசிடெண்ட். பேசத் தெரிந்தவர் பிள்ளைவாள் என்பதால் அவர் செக்ரெட்டரி.

மூன்று வருஷம் சங்கம் பாடுபட்டது, சும்மா சொல்லப்படாது. முதல் வருஷம் தீக்குச்சி செய்தார்கள். உரசினால் பற்றாது, வீட்டுக்குக் கொண்டுபோய் மறந்து வைத்துவிட்டால் மூன்றாம் நாள் தானாகப் பற்றும். இரண்டாம் வருஷம் சோப்பு. அதைப் போட்டுக் குளித்தவன் அதைக் கழுவ இன்னொரு சோப்பு வாங்கவேண்டி வந்தது, அது சீமைச் சோப்பாக இருந்தது. மூன்றாம் வருஷம் பென்சில் செய்தார்கள். அது காகிதத்தில் எழுதவில்லை, உழுதது. ஊரார் வாய் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளைவாள் மட்டும் அசரவில்லை. நாலாம் வருஷத்து மகாசபையில் எழுந்து நின்று, "மில்லுச் சங்கு ஊதினா எந்திரிக்கோம், மில்லுச் சங்கு ஊதினா படுக்கோம். நம்ம நேரத்தைக்கூட நம்மால செய்ய முடியாதா?" என்று ஒரு வேகத்தில் கேட்டார். கூட்டம் கைதட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் தீர்மானப் புத்தகத்தில், ஊருக்குப் பொதுவாகப் பத்துக் கடிகாரங்கள் செய்வதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று எழுதவேண்டியதாயிற்று.

கடிகாரத்துக்குப் பல்சக்கரம் வார்க்கத் தெரிந்த கை ஊரில் ஒன்றுதான் உண்டு. அது கொம்பையாவின் கை. வெண்கலம் வார்க்கிற கன்னார். முப்பது வயசு, நெருப்பில் வெந்த முகம், அதிகம் பேசமாட்டான். பிள்ளைவாள் நாயக்கர் வீட்டு லண்டன் கடிகாரத்தைப் பிரித்துத் துண்டில் கட்டி அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "அப்படியே பாத்துச் செய்யும் வே, ஒரு பல்லு குறையப்படாது" என்றார். குறையப்படாது என்றாரே தவிர, கூடப்படாது என்று அவர் சொல்லவில்லை. ஆயிரம் தீர்மானம் எழுதின மனுஷன் அந்த ஒரு வார்த்தையில் கோட்டை விட்டார்.

நாம் மொய் எழுதினால் நூறு எழுதமாட்டோம், நூற்றொன்று எழுதுவோம் இல்லையா? முழு எண்ணில் நிறுத்தினால் அதோடு முடிந்துபோயிற்று என்று அர்த்தம். ஒன்று கூட வைத்தால் இன்னும் வரும், இன்னும் போகும், உறவு அறாது. கொம்பையா வம்சத்தில் அது மொய்யோடு நிற்கவில்லை. பத்துக் கிண்ணம் கேட்டால் பதினொன்று வார்ப்பார்கள், குத்துவிளக்குக்கு ஆறு இதழ் கேட்டால் ஏழு வைப்பார்கள். "சோத்துல கல்லு கிடந்தாக்கூட ஒத்தப்படையாக் கிடக்கணும் இந்த மனுசனுக்கு" என்று அவன் பெண்டாட்டி ஆவுடையம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆவுடையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஊருக்குத் தெற்கே வெள்ளைக்காரக் கம்பெனியின் பருத்தி அரைக்கும் மில் இருந்தது. சீமைப் பீங்கான் வந்தபிறகு வெண்கலக் கிண்ணம் கேட்பாரில்லை, அடுப்பு எரிய வேண்டுமே என்று அவள் மில்லுக்குப் போனாள். இருட்டோடு சங்கு ஊதும்போது போவாள், விளக்கு வைத்தபின் தலையெல்லாம் பஞ்சோடு திரும்புவாள், சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை விறகுக்கும் அவள் அம்மை வீட்டுக்கும் சரியாகிவிடும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவளை வெயில் வெளிச்சத்தில் உட்கார்த்தி நிதானமாகப் பார்த்த நாட்களைக் கொம்பையா விரல் விட்டு எண்ணிவிடலாம், அதற்கும் ஒரு கை போதும். பேசாத அந்த மனுஷன் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே, "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ளா. வெயில்ல ஒரு மணி நேரம் உன் மூஞ்சியப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டு மோரைக் கேட்டான். அவள் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

இந்த ஆசையோடுதான் அவன் மெழுகைப் பிடித்து, மண் அப்பி, காய்ச்சிய வெண்கலத்தை ஊற்றினான். லண்டன் சக்கரத்தில் அறுபது பல் என்றால் அவன் சக்கரத்தில் அறுபத்தொன்று. நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தொன்பது. சீமைச் சுருள்வில் வேண்டாம் என்று பனைநாரில் கயிறு திரித்து அம்மிக்குழவியைக் கட்டித் தொங்கவிட்டான். வட்டப் பலகையில் எண் எழுதும்போது உச்சியில் பன்னிரண்டை வைத்து, வலக்கைப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று இறங்கினான். இடக்கைப்பக்கம் பதினொன்று, பத்து என்று இறங்கி ஐந்துக்கு வந்தான். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஓர் இடம் மிஞ்சியது. மிஞ்சத்தானே செய்யும், பன்னிரண்டு ரெட்டைப்படை இல்லையா? அந்த இடத்துக்கு என்ன எண் போடுவது என்று அவனுக்கு விளங்கவில்லை. சும்மா விட்டால் மூளியாக இருக்குமே என்று ஒரு குங்குமப் பொட்டு வைத்தான்.

பத்துக் கடிகாரமும் சங்கத்தில், சந்தையில், சிவன் கோயிலில், பள்ளிவாசலில், மாதா கோயிலில் என்று பத்து இடங்களில் மாட்டப்பட்டன. ஒரு தை மாத நாள், மத்தியானம் பன்னிரண்டுக்குப் பத்துக் குழவிகளையும் ஒருசேர விட்டார்கள். ஒன்று அடித்தது, இரண்டு அடித்தது, மூன்று அடித்தது. திறப்பு விழா நாலு மணிக்கு. நாயக்கர் நாற்காலியில், பிள்ளைவாள் பக்கத்தில், ஊர் முழுக்கத் தரையில். பத்து மணிகளும் நாலு அடித்து ஓய்ந்தபோது மில் இரைச்சல் நின்றது.

அது நிற்கும் என்றே அந்த ஊரில் பல பேருக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசிப் பழகியவர்கள், சட்டென்று வந்த அமைதியில் தங்கள் சத்தத்தைத் தாங்களே கேட்டுப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். வெளியே எட்டிப் பார்த்தால் ஐயனார் தோப்பு வளைவில் ரயில் நின்றது; அதன் புகைபோக்கிக்கு மேலே புகை, கொட்டின பஞ்சு மாதிரி நின்றது. பனைமரத்து நிழல் நின்றது. சூரியன் மேற்கே இறங்குகிறவர் அங்கேயே நின்றார். காக்கை பறந்தது, மாடு அசைபோட்டது, வேம்பு ஆடியது. கப்பலேறி வந்தது மட்டும் எதுவும் அசையவில்லை. சங்கத்தில் பலகைக் கடிகாரத்தின் முள் நாலைத் தாண்டிப் பொட்டைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

"பெரியோர்களே" என்று எழுந்திருக்கப் பார்த்தார் நாயக்கர். முடியவில்லை. உள்ளூர்த் துணியையே உடுத்துவீர் என்று மூன்று வருஷம் மேடை தவறாமல் சொன்ன மனுஷனின் இடுப்பில் இருந்தது மான்செஸ்டர் மல் வேட்டி. அது தகரம் போல விறைத்துப்போய் அவரை நாற்காலியோடு பிடித்து வைத்திருந்தது. "ஏன் அண்ணாச்சி, எந்திரிங்க" என்றார் பிள்ளைவாள் விவரம் புரியாமல். நாயக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு, "துண்டு இருக்கா வே? நம்ம ஊர்த் துண்டு?" என்றார். கூட்டம் ஒரு நொடி யோசித்தது. பிறகு எழும்பிய சிரிப்பில் சங்கத்துக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. நாலு பேர் நெசவாளர் தெருவில் நெய்த துண்டுகளைச் சுற்றிப் பிடிக்க, நாயக்கர் வேட்டியை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தார். பிள்ளைவாளின் சீமைப் பேனா எழுதவில்லை. சங்கத்தின் சரித்திரத்தில் தீர்மானமே இல்லாமல் நடந்த முதல் கூட்டம் அதுதான்.

மில்லிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். இயந்திரம் நின்றுவிட்டது, மானேஜர் துரை பங்களாவில் தேநீர்க் கோப்பையை உதட்டில் வைத்தபடி சிலையாக உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால் கேட்கவில்லை, அவர் மூக்கின் மேல் ஒரு ஈ நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார்கள். ஈ உள்ளூர் ஈ. கொம்பையா கூட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். ஆவுடை தலையில் பஞ்சோடு வந்து அவனுக்கு எதிரே நின்றாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பதைக் கொம்பையா ஆறு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் கண்டான்.

"என்ன அப்பிடிப் பாக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. மச்சம்."

"இவ்வளவு நாளா எங்க போயிருந்துச்சாம் உங்க கண்ணு?" என்றாள் அவள், ஆனால் கழுத்தைத் திருப்பி நன்றாகவே காட்டினாள். அவன் அவள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தான். முள் பொட்டைத் தொட்டதும் மணி ஒரே ஓர் அடி அடித்தது. மில் இரைந்தது, ரயில் கூவியது, துரை தேநீரைக் குடித்தார், சூரியன் விட்ட இடத்திலிருந்து இறங்கத் தொடங்கினார்.

இப்படித்தான் ஊருக்குப் பொட்டு மணி வந்தது. கடிகாரம் நாளைக்கு இரண்டு சுற்று சுற்றுமே, அதனால் விடியற்காலை நாலுக்கும் ஒரு பொட்டு மணி உண்டு. அதை ஊரே தூங்கித் தீர்த்தது, யாரும் குறை சொல்லவில்லை.

முதல் வாரம் ஊரில் ஒரே வழக்கு. இந்த மணி யாருக்குச் சொந்தம்? வயலில் வேலை செய்கிறவர்கள் இந்த ஒரு மணிக்கும் வேலை செய்யவேண்டும் என்றார்கள் பண்ணைக்காரர்கள். கூலி பொழுதுக்குத்தானே, பொழுதுதான் நகரவில்லையே என்றார்கள் வேலைக்காரர்கள். பஞ்சாயத்து கூடி, நகராத பொழுதுக்கு எஜமான் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஜோசியரிடம் போய் அதில் ராகு காலம் உண்டா, எமகண்டம் உண்டா என்று கேட்டார்கள். அவர் மூன்று நாள் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "எந்தக் கிரகத்துக்கும் இதுல அதிகாரம் இல்ல. போங்க, இஷ்டப்படி இருங்க" என்று கைவிரித்தார். செவ்வாய் தோஷம் என்று முப்பது வயசு வரைக்கும் வீட்டில் இருத்திவைத்த மூன்று பெண்களுக்கு அந்த மாதமே பொட்டு மணியில் தாலி ஏறியது. செவ்வாய் வந்து கேட்டால் கேட்கட்டும், அவருக்குத்தான் அங்கே நுழைய வழி இல்லையே.

ஒரு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. துரையின் மேல் ஈ உட்காராமல் ஓட்ட மில் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். பாவம், அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. போலீஸ்காரர் நாலு அடித்ததும் விறைத்துப்போன உடுப்பிலிருந்து பாம்பு சட்டை உரிப்பது மாதிரி கழன்று வந்து, கோவணத்தோடு சடுகுடு ஆடப் போவார். தொப்பி, இடுப்புவார், கால்பட்டி சகிதம் அவர் உடுப்பு மட்டும் முச்சந்தியில் தனியாக நின்று காவல் காக்கும். தெருவில் போகும்போது நாலு அடித்து, கட்டியிருந்த சீமைத் துணி விறைத்து நடுத்தெருவில் நின்றவர்களை ஊர் சுற்றி நின்று கேலி பண்ணிய பண்ணில், பங்குனிக்குள் மல் துணி வாங்க ஆளில்லாமல் போயிற்று. நெசவாளர் தெருவில் முப்பது தறி ஓடிய இடத்தில் எழுபது ஓடியது, கொம்பையா கேள்விப்பட்டிருந்தால் எழுபத்தொன்றாக ஆக்கியிருப்பான். மூன்று வருஷப் பேச்சு செய்யாததை ஒரு நாற்காலி வேட்டி செய்தது.

இத்தனையிலும் கொம்பையா செய்தது ஒன்றே ஒன்று. தினம் நாலு அடித்ததும் வார்ப்புப் பட்டறையை விட்டு வந்து வேப்பமரத்தடியில் நிற்பான், ஆவுடை வருவாள், இருவரும் உட்காருவார்கள். அவன் பஞ்சை எடுப்பான், அவள் பேசுவாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்பதே அவனுக்குத் தெரியாது. அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிப் பொங்கி வந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டினான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிள்ளைவாள் ஆண்டறிக்கை எழுதும் வரைக்கும். சங்கம் என்றால் ஆண்டறிக்கை உண்டு, அதில் ஒரு பிரதி கலெக்டர் ஆபீஸுக்குப் போகவேண்டும் என்பது சட்டம். மற்ற மூன்று வருஷமும் பெருமை அடிக்க ஒன்றும் கிடைக்காத மனுஷன் இந்த வருஷம் கையை அடக்க முடியாமல், "நமது சங்கம் இவ்வாண்டு பத்துக் கடிகாரங்களைக் கொண்டு, வேறெங்கும் கிடைக்காத எழுநூற்று முப்பது மணி நேரத்தை உற்பத்தி செய்துள்ளது. இதில் பாதியைப் பொதுமக்கள் உறங்கிக் கழித்தனர்" என்று அச்சுப் போட்டே அனுப்பிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இருபதாம் நாள் தாசில்தார் ஆனந்தராவ் வந்தார். நேரம் உற்பத்தி செய்யச் சங்கத்துக்கு அனுமதி இல்லை, பத்துக் கடிகாரங்களையும் பறிமுதல் செய்யவும், இனி அந்த ஊரில் சங்கத்துக் கடிகாரம் எதுவும் தொங்கக்கூடாது என்று உத்தரவு அவர் பையில் இருந்தது. ஜட்காவை விட்டு இறங்கித் தேரடித் தெருவில் நாலு எட்டு வைத்திருப்பார், நாலு அடித்தது. பூட்ஸ் இரண்டும் ஆணி அடித்தாற்போல் தரையில் நின்றன, கோட்டு பலகையாயிற்று. உள்ளே தாசில்தார் நின்றார். கூட வந்த இரண்டு டவாலிச் சேவகர்களும் தோளில் மாட்டியிருந்த டவாலியைக் கழற்றி நிற்கவைத்துவிட்டு நுங்கு தேடிப் போய்விட்டார்கள்.

மில்லிலிருந்து வந்த ஆவுடை அவரைப் பார்த்தாள். "எசமான், பூட்ஸக் கழட்டிட்டா நடக்கலாம்."

"கவர்மெண்ட் உத்தியோகஸ்தன் தெருவிலே வெறுங்காலோடு நடக்கிறதா? என்ன பேச்சு இது!"

"அப்போ நில்லுங்க. மோர் கொண்டாரச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள், அவளுக்கு இருக்கிறதே ஒரு மணிதான்.

மோர் வந்தது. ஒருவர் விசிறினார். ஒரு கிழவர், கூச்சப்பட வேண்டாம், முதல் நாள் நாயக்கர் நிலைமை இதைவிட மோசம் என்று ஆறுதல் சொன்னார். கால்மணி நேரம் தாக்குப்பிடித்த தாசில்தார் கடைசியில் கோட்டிலிருந்து கையையும் பூட்ஸிலிருந்து காலையும் உருவிக்கொண்டு வந்தார். வெறுங்கால் மண்ணில் பட்டதும் கூச்சத்தில் துள்ளினார். குளத்துப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார், கெண்டைக் குஞ்சுகள் கடித்தன, வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த சத்தம் யாருடையது என்று அவரே திரும்பிப் பார்த்தார். சுற்றிக்கொண்டு வரும்போது வேப்பமரத்தடியில் ஒருவன் ஒரு பெண்ணின் தலையில் பஞ்சு எடுத்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

கொம்பையா எழுந்து நின்றான். "இந்த ஒரு மணி நேரந்தான் எசமான் நாங்க புருசன் பொஞ்சாதி. மிச்சமெல்லாம் நான் உலைக்கு, இவ மில்லுக்கு" என்றான். வந்தவர் எதற்கு வந்திருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். "இத எடுத்துட்டுப் போயிராதீங்க" என்றான்.

பொட்டில் மணி அடித்ததும் தாசில்தார் போய்த் தம் பூட்ஸுக்குள் நின்று, கோட்டுக்குள் கையை விட்டு, உத்தரவைப் படித்தார். உத்தரவு உத்தரவுதான், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. பத்துக் கடிகாரமும் வந்து வண்டியில் ஏறின. எண்ணினார், பத்து. ஆண்டறிக்கையைப் பார்த்தார், பத்து. பிறகு கொம்பையாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ கன்னார்தானே?"

"ஆமா எசமான்."

"எங்கள் ஊரிலும் ஒரு கன்னார் இருந்தார். பத்துத் தம்ளர் செய்யச் சொன்னால்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, வண்டியோடு வந்த தம் ஆபீஸ் குமாஸ்தா பக்கம் திரும்பினார். "பத்து என்று எழுது. அதற்குமேல் எனக்கு எண்ண வராது."

வண்டி போயிற்று. மறுநாள் நாலுக்குப் பிறகு பேசாமல் ஐந்து வந்தது. போலீஸ்காரர் உடுப்புக்குள்ளேயே இருந்தார். பழக்க தோஷத்தில் வேப்பமரத்தடிக்குப் போன கொம்பையா மில் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினான். விளக்கு வைத்தபின் வந்த ஆவுடையிடம், "குலுக்கைக்குள்ள கிடக்கு ஒண்ணு" என்றான். நெல் குலுக்கைக்குள் பதினோராவது கடிகாரம் கிடப்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அதன்மேல் நெல்லைப் போட்டு மூடியதே அவள்தான். "கிடந்து என்ன செய்ய? மணி அடிச்சா தெருவுக்கே கேக்கும், நாளைக்கே வந்து தூக்கிட்டுப் போயிருவான். எங்கன தொங்கவிட?" என்று அவனே கேட்டுக்கொண்டான். அன்றைக்கு இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எட்டாம் நாள் பதில் தானாக வந்தது. மில் கோபுரத்தில் லண்டனிலிருந்து வந்த பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. ஒரு வருஷமாகத் தினம் இரண்டு தடவை நின்று நின்று ஓடி அதற்கு இளைப்பு வந்துவிட்டது, அன்று ஒரேயடியாக நின்றுபோயிற்று. துரை தாம்தூம் என்று குதித்தார். சென்னைப்பட்டணத்திலிருந்து ஆள் வர ஆறு மாசமாகும் என்றார்கள். பருத்தி இயந்திரத்தின் முன்னால் இருந்த ஆவுடை தலையில் பஞ்சோடு எழுந்து வந்து தலைமைக் குமாஸ்தாவின் முன்னால் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் பண்ணுவாரு எசமான்."

"யாரு, அந்தப் பொட்டு மணிக்காரனா? ஆளை விடு தாயே!"

"பெட்டி லண்டன் பெட்டி, மூஞ்சி லண்டன் மூஞ்சி. உள்ள பல்லு தேஞ்சிருக்கும். அத வார்த்துப் போட்டாப் போதும், உங்க கடியாரம் உங்க கடியாரம்தான்" என்றாள் அவள், பால் குடிக்கிற பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. குமாஸ்தா துரையிடம் சொன்னார். துரை, யாராயிருந்தாலும் சரி, ஓடினால் போதும் என்றார்.

நெல் மூட்டை என்று சொல்லி எடுத்துப்போன சாக்கில் பதினோராவது கடிகாரம் கோபுரம் ஏறியது. லண்டன் குடலை உருவிவிட்டு, அறுபத்தொரு பல் சக்கரத்தையும், முள்ளையும், மணியையும், அம்மிக்குழவியையும் கொம்பையா உள்ளே வைத்தான். லண்டன் பலகையில் இடமெல்லாம் பன்னிரண்டுக்குச் சரியாக இருந்தது. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே முள் இரண்டு மணி நேரம் மெல்ல நகருகிற மாதிரி பல்லைச் சரிக்கட்டினான். பலகையைத் தூக்கி மாட்டும் முன்னால் ஆவுடை தன் நெற்றியிலிருந்து விரலால் தொட்டு, அந்த நடு இடத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். தெரிந்தவன் கண்ணுக்குத்தான் அது தெரியும். துரை கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, லண்டன் சாமானுக்கு ஈடே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அவருக்குக் கடைசிவரை ஈ ஓட்டினார்கள்.

ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைவாள்கூடத் திறக்கவில்லை என்றால் பாருங்கள். அந்த வருஷத்து ஆண்டறிக்கை நாலு வரி. உற்பத்தி என்ற தலைப்புக்குக் கீழே, ஒன்றுமில்லை என்று தம் கையால் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாசத்துக்கு ஒருதரம் மூன்றேமுக்கால் வண்டியில் தாசில்தார் ஆனந்தராவ் சொந்த வேலையாக வருவார், நாலு அடித்து ரயில் வளைவில் நின்றதும் பூட்ஸை அதிலேயே விட்டுவிட்டு இறங்கி நேரே குளத்துப் படிக்குப் போவார். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை.

கோபுரத்தில் கடிகாரம் ஏறிய முதல் நாள் கொம்பையா மூன்றரைக்கே வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டான். மில் இரைந்துகொண்டே இருந்தது. சக்கரம் சரியாக உட்கார்ந்ததா, கயிறு சிக்காமல் இருக்குமா, லண்டன் பெட்டிக்குள் போனதால் அதுவும் சீமைப் புத்தி பிடித்து நின்றுவிடுமோ என்று அவன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். கோபுரத்தில் மணி ஒன்று அடித்தது, இரண்டு அடித்தது, மூன்று அடித்தது, நாலு அடித்தது. இரைச்சல் நின்றது. மில் கதவைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக ஆவுடை ஓடி வந்தாள், தலைமுடியெல்லாம் பஞ்சு, மூச்சு வாங்கியது, சிரிப்பு அடங்கவில்லை. அவன் முன்னால் வந்து நின்று கழுத்தைத் திருப்பி மச்சத்தைக் காட்டினாள். வெயில் அவள் முகத்தில் விழுந்து, அங்கேயே நின்றது. முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது அவர்களுக்கு.